கியர் ராடு போகிற ஓட்டை

சோதனை அதிகாரி பெர்த்துலா, காரின் இன்ஜினை ஒட்டின தகரத்தில் ஸ்க்ரூடிரைவரின் நுனியால் ஒரு குத்து குத்தினான். கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

சலவைச் சட்டை போட்டு, தண்ணீர் தொட்டுத் தலை சீவி, பக்கத்தில் நின்றிருந்த வில்யோவுக்கு அந்தக் குத்து தன் விலாவிலேயே விழுந்தது. வருஷத்துக்கு ஒருமுறை காரைச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோகிற நாளில் அந்தக் கடலோரத்து ஆண்கள் மாதாகோவிலுக்குப் போவதைவிடச் சுத்தமாகப் போவார்கள். காரையும் முந்தின நாளே கழுவித் துடைத்துவிடுவார்கள். கழுவின காரைப் பார்த்தால் சோதனை அதிகாரிக்கு மனசு இளகும் என்று ஒரு நம்பிக்கை. பெர்த்துலா இருபத்தொன்பது வயசுப் பையன். அவனிடம் இந்த நம்பிக்கையெல்லாம் செல்லுபடியாகாது.

"இதென்ன உள்ள? கம்பளியா?" என்றான், ஸ்க்ரூடிரைவரில் ஒட்டிக்கொண்டு வந்ததை மோந்து பார்த்து.

"ஃபெல்ட்டு, அமுக்கின கம்பளி. தார்ல நனைச்சு வெச்சது" என்றான் வில்யோ.

"யாரு வெச்சது?"

"குளிர்காத்து காலுல அடிக்குதுன்னு ஒருத்தர் வெச்சாரு."

அந்த ஒருத்தர் யாரென்று பெர்த்துலா கேட்கவில்லை. கேட்டிருந்தால் வில்யோ வானத்தைப் பார்த்திருப்பான். ஏழு வருஷத்துக்கு முன்னால், நல்ல குளிரில், கியர் ராடு இன்ஜின் பக்கம் போகிற ஓட்டையைச் சுற்றி அவனே திணித்தது அது. ஃபெல்ட்டு குளிரை மறித்தது உண்மை. ரோட்டில் கொட்டுகிற உப்பையும் பனித்தண்ணீரையும் ஏழு வருஷம் மடியில் வைத்துக்கொண்டு, சுற்றியிருந்த தகரத்தை உட்கார்ந்து தின்றதும் உண்மை. இன்ஜினுக்கும் ஆள் உட்காருகிற இடத்துக்கும் நடுவே நிற்கிற இரும்புச் சுவர் அது. அதில் இப்போது கை நுழைகிற அளவுக்கு இரும்பே இல்லை.

பெர்த்துலா சைலன்சர் குழாய் சேருகிற இடத்தில் டார்ச் அடித்தான். அங்கேயும் கறுப்பாகப் புகை கசிந்த தடம். எழுந்து, காருக்குள் ஸ்டீயரிங் பின்னால் உட்கார்ந்திருந்த வில்யோவின் பொண்டாட்டி தாய்மியின் ஜன்னலுக்கு வந்தான்.

"அம்மா, வண்டிக்குள்ள புகை வாசம் வருதா?"

"அதெல்லாம் வராது" என்றான் வில்யோ.

"நான் ஓட்டுறவங்களக் கேட்டேன். தலைவலி ஏதும் உண்டா?"

தாய்மி கையுறையைக் கழற்றினாள், மறுபடி போட்டுக்கொண்டாள். "கொஞ்சம் உண்டு."

"எத்தனை நாளா?"

"போன குளிருக்கு முந்தின குளிர்லேர்ந்து. கண்ணாடிய இறக்கிட்டு ஓட்டினா அவ்வளவா தெரியாது."

வில்யோ இதைக் கேட்பது அதுதான் முதல் தடவை. பொண்டாட்டிக்கு இரண்டு வருஷமாக இருக்கிற தலைவலியைப் புருஷன் சோதனை நிலையத்தில், வேற்று ஆள் கேட்டுத் தெரிந்துகொண்டான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், சுவரில் மாட்டியிருந்த டயர் படத்தைப் பார்த்தபடி நின்றான்.

பெர்த்துலா தாளில் எழுதினான். ஓட்டத் தடை. வீடுவரைக்கும் போகலாம், கண்ணாடியை இறக்கிக்கொண்டு. சரிசெய்து மறுபடி காட்டாமல் ரோட்டில் ஏறக்கூடாது.

இந்தத் தாள் வேறு யாருக்கும் வந்திருந்தால் அலுப்பு, அவ்வளவுதான். தாய்மிக்கு அது காலை எடுத்த மாதிரி. ஆறு வயசில் வந்த போலியோ இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. கிளட்சை ஒருதரம் மிதித்து வண்டியைக் கிளப்பலாம். ஒவ்வொரு கியருக்கும் மிதித்துக்கொண்டிருக்க முடியாது. இந்தப் பத்தொன்பது வயசு ஸாப் காரில் சைக்கிளில் இருக்கிற மாதிரி ஒரு ஃப்ரீவீல் உண்டு. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரம் தன்பாட்டுக்கு உருளும், கிளட்சைத் தொடாமலேயே கியரைத் தள்ளிவிடலாம். வில்யோவின் வேனை அவளால் வாசலைவிட்டு நகர்த்த முடியாது. இந்தக் காரில் பதினாறு வருஷமாக அவள் கறவைச் சங்கத்துக்காக முப்பத்தோரு பண்ணைகளுக்குப் போய்வருகிறாள். ஒவ்வொரு மாட்டின் பாலையும் அளந்து, சின்னக் குப்பியில் மாதிரி எடுத்து, எழுதிக்கொண்டு வருகிற வேலை. சங்கத்தில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரம் வண்டியில்லை என்றால் அவளுடைய வட்டாரத்தைப் பக்கத்து வட்டாரத்தோடு சேர்த்துவிடுவார்கள். அப்புறம் அது திரும்பி வராது.

வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு ஜன்னலும் திறந்திருந்தன. ஐப்பசிக் குளிரில் பனியும் மழையும் கலந்து உள்ளே அடித்தது.

மத்தியானம் தாய்மி ரை தானிய மாவில் புரட்டி மத்தி மீன் பொரித்தாள். வேகவைத்த உருளைக்கிழங்கும் கறுப்பு ரொட்டியும் மேஜைக்கு வந்தன. வில்யோ மூன்று மீன் தின்றுவிட்டுத்தான் வாயைத் திறந்தான்.

"ரெண்டு வருஷம். ஒரு வார்த்தை சொல்லல நீ."

"மீனுக்கு உப்பு போதுமா?"

"மீன் கெடக்குது. நான் என்ன செத்தா போய்ட்டேன்? வெல்டிங் தெரிஞ்ச ஆளு வீட்டுக்குள்ள குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். நீ புகைய மோந்துக்கிட்டு ஊர் ஊராப் போயிருக்க."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"சரி பண்ணியிருப்பேன்."

"மாட்ட. வித்திருப்ப. 'இதான் சாக்கு, போதும் தாய்மி, வீட்ல இரு'ன்னு சொல்லியிருப்ப. போன வருஷம் பள்ளத்துல எறங்கினப்ப என்ன சொன்ன?"

"அது பனிக்கட்டி. நான் பயந்து போய்ட்டேன். அதனால சொன்னேன்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"வித்திருக்க மாட்டேன்" என்றான் வில்யோ, மீன் முள்ளைத் தட்டின் ஓரமாக வரிசையாக அடுக்கிக்கொண்டே.

தாய்மி காப்பி ஊற்றினாள். அவள் நம்பவில்லை என்பது ஊற்றின விதத்திலேயே தெரிந்தது.

மறுநாள் காலையில் அவன் ஷெட்டில் ஹீட்டரைப் போட்டுவிட்டு வேலையில் இறங்கினான். பானெட்டை முன்பக்கமாகச் சாய்த்துத் திறந்தான். பேட்டரியைக் கழற்றி வைத்தான். ஸ்டீயரிங் கம்பத்தோடு சேர்ந்து வருகிற கியர் ராடை, அதன் மூட்டில் இருந்த ஆணியைத் தட்டி எடுத்து, உள்பக்கமாக உருவினான். தார் ஃபெல்ட்டைக் கத்தியால் சுரண்டினான். சுரண்டச் சுரண்ட இரும்பும் கூடவே உதிர்ந்தது. துருப் பிடித்ததை வெட்டி எடுத்துக்கொண்டே போய், தட்டினால் கணீரென்று சத்தம் வருகிற இரும்பு கிடைத்தபோது, சுவரில் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு வாய் திறந்திருந்தது. அதன் வழியாக ஷெட்டின் வாசல் தெரிந்தது. வாசலில் தடியை ஊன்றி, காப்பி ஃப்ளாஸ்க்கோடு தாய்மி நின்றாள்.

"இவ்வளவு பெரிசாவா?"

"சின்னதா வெட்டுனா அடுத்த வருஷம் மறுபடி வெட்டணும். நல்ல எலும்பு தட்டுப்படுற வரைக்கும் போகணும்."

"டாக்டராட்டம் பேசுற."

"இந்த ஓட்டையப் பொறுத்தவரைக்கும் நான் டாக்டருதான்."

அது வெறும் பீற்றல் இல்லை. ஊரில் இருந்த கார் தொழிற்சாலையில், இந்த மாடல் ஓடின காலத்தில், பத்து வருஷம் வில்யோவின் வேலையே அதுதான். காரின் மொட்டை உடம்பு தொங்கிக்கொண்டு வரும். கியர் ராடு போகிற இடத்தில் ஒரு வளையத் தகட்டை வைத்துப் பன்னிரண்டு பொட்டு வெல்டிங் வைப்பான். அடுத்த உடம்பு வரும். எத்தனை ஆயிரம் வைத்திருப்பான் என்று அவனுக்கே தெரியாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் வைப்பான்.

ஆனால் அந்த வளையத்தின் மேல் அவனுக்கு ஒரு தீராத மனக்குறை இருந்தது. அதன் ஓட்டை வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் இழுத்துவிட்ட முட்டை மாதிரி, அதுவும் சாய்வாக இருக்கும். உருண்டையான ராடுக்கு எதற்குக் கோணல் ஓட்டை? அச்சு தேய்ந்துபோய்விட்டது, மேலே இருக்கிறவர்களுக்குக் கண்ணில்லை என்று அவன் முடிவு கட்டினான். தொழிற்சாலையில் யோசனைப் பெட்டி என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஒருநாள் காகிதத்தில் படம் போட்டு, ஓட்டையை வட்டமாக்கினால் காற்றும் தண்ணீரும் உள்ளே வராது என்று விளக்கமாக எழுதி, கையெழுத்தும் போட்டு அதில் போட்டான். நல்ல யோசனைக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு தருவார்கள். அவனுக்குக் கடிகாரமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. பதினேழு வருஷம் ஆகியும் அந்தக் கோபம் அவனுக்கு ஆறவில்லை.

இப்போது கேட்க ஆளில்லை. அவன் ஷெட்டு, அவன் தகரம், அவன் ஓட்டை. அட்டையில் அளவெடுத்தான். தகரத்தை வெட்டி, மணல் மூட்டைமேல் வைத்து மரச்சுத்தியலால் தட்டி வளைவு எடுத்தான். நடுவில் ராடின் பருமனுக்கு ஒரு மயிரிழை கூட்டி, அச்சுவட்டமாக ஓட்டை போட்டான். காம்பஸ் வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

"முன்ன இது ஒருமாதிரி கோணலா இருந்துச்சே" என்றாள் தாய்மி.

"அது அச்சோட கோணல். துரு வேற தின்னுருச்சு."

"ராடு ஆட எடம் வேண்டாமா?"

"ஆடுறதுக்கு அதென்ன கல்யாண வீடா? சுத்தும், முன்ன பின்ன போகும். அதுக்கு வட்டம் போதும். காப்பிய ஊத்து."

அவள் ஊற்றினாள். வெல்டிங் வேலையைப் பற்றித் தனக்கு என்ன தெரியும் என்று அப்போது அவளும் விட்டுவிட்டாள்.

வெல்டிங் மட்டும் மூன்று நாள் எடுத்தான். ஒரே இழுப்பாக இழுத்தால் தகரம் சூட்டில் நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைத்தான். கிரைண்டர் பிடித்து மழித்தான், பிரைமர் அடித்தான், ஓரமெல்லாம் சீலண்ட் பூசினான், காரின் சாம்பல் நிறத்திலேயே பெயின்டும் அடித்தான். சைலன்சர் மூட்டுக்குப் புதுக் கேஸ்கெட் போட்டான். ராடை மாட்டி, வண்டி நின்றபடியே நாலு கியரையும் ரிவர்ஸையும் போட்டுப் பார்த்தான். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுந்தன. சனிக்கிழமை ஸவுனா நீராவிக் குளியலில் அவன் மேல்பலகையில் உட்கார்ந்து, தண்ணீரை அள்ளிக் கல்லில் ஊற்றி, தனக்குத்தானே ஏதோ முனகிப் பாடினான். கீழ்ப்பலகையில் இருந்த தாய்மி, இவன் பாடி எத்தனை வருஷம் ஆச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பெர்த்துலா அதே ஸ்க்ரூடிரைவரோடு வந்தான். குத்தினான். டங்கென்று சத்தம் வந்தது. விரலால் வெல்டிங்கைத் தடவினான்.

"எந்த ஒர்க்ஷாப்புல பண்ணீங்க?"

"என் ஷெட்டுல."

"கம்பெனி வேலை மாதிரி இருக்கு."

"கம்பெனிய விட நல்லாருக்கும்" என்றான் வில்யோ. அன்றைக்கு அவன் காசு கொடுத்து ஏலக்காய் பன் வாங்கினான், அதுவும் நாலு.

மறுநாள் சாயங்காலம் நாலரை மணிக்கு வீட்டில் போன் அடித்தது.

"நான்தான். ஹெல்வி பண்ணைலேர்ந்து பேசுறேன்."

"அதுக்குள்ள வேலை முடிஞ்சிருச்சா?"

"வேலையே நடக்கல. வண்டி ஹெல்வி வீட்டு மேட்டுல நின்னு போச்சு. மூணாம் கியர்ல மாட்டிக்கிச்சு, வெளிய வரவே மாட்டேங்குது. மூணுல வெச்சு மேட்டுல கெளப்ப என் காலுக்குத் தெம்பு ஏது? பாதி ரோட்டுல வண்டிய விட்டுட்டு நடந்து வந்தேன்."

"எவ்வளவு தூரம்?"

"இந்தக் காலுக்கு ஒரு மணி நேரம்."

"மாடு கறந்தாச்சா?"

"கறந்தாச்சு. நான் வர்றதுக்குள்ள எல்லாம் தொட்டிக்குப் போயிருச்சு. ஒரு குப்பி கூட எடுக்கல. சங்கத்துக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சனிக்கிழமை இதே பண்ணைக்கு வந்து எடுத்துக் குடுக்கணுமாம். அதுவும் தவறுச்சுன்னா வட்டாரத்த மாத்திட வேண்டியதுதான்னாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க."

வில்யோ வேனை எடுத்துக்கொண்டு போனான். பனிமழை கண்ணாடியில் அப்பிக்கொண்டே இருந்தது. ஹெல்வியின் அடுப்படியில் தாய்மி காலை ஒரு முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஹெல்வி வாட்டசாட்டமான மனுஷி, இருபத்திரண்டு மாடுகளையும் ஒரு புருஷனையும் அதட்டி வளர்க்கிறவள்.

"வாய்யா டாக்டரு" என்றாள். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாமே. நோயாளிதான் பாதி ரோட்டுல கெடக்கு."

"பெர்த்துலாவே பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கான்."

"அப்ப பெர்த்துலாவ வந்து என் மாட்டுக்குப் பால் அளக்கச் சொல்லு."

வில்யோ மேட்டுக்கு நடந்து போய்க் காரில் ஏறினான். கிளட்சை மிதித்து கியரைத் தொட்டான். சொன்ன பேச்சுக் கேட்டு வெளியே வந்தது. ஃப்ரீவீலைப் பூட்டிவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று போட்டு மேட்டில் ஏறினான், இறங்கினான். ஒரு கோளாறும் இல்லை. வேனை ஹெல்வி வீட்டிலேயே விட்டுவிட்டுத் தாய்மியை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, ஒவ்வொரு கியராக வேண்டுமென்றே மாற்றி மாற்றிக் காட்டினான்.

"பாத்தியா? வண்டியில ஒண்ணுமில்ல. நீ அவசரப்பட்டு இழுத்திருப்ப."

தாய்மி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"கையி பழகணும். புது வேலை, கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும். பதனமா..."

"வில்யோ."

"என்ன?"

"நீ ரெண்டு காலோட ஓட்டுற."

அதற்கப்புறம் வீடு வரைக்கும் வில்யோ கியரை மாற்றிக் காட்டவில்லை.

புதன்கிழமை முழுக்க அவன் ஷெட்டில் உட்கார்ந்து கியர் மூட்டுக்குக் கிரீஸ் வைத்தான், அதைக் கழற்றி மறுபடி வைத்தான். வட்டத்தில் கோளாறு இருக்கலாம் என்று அவன் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. அதை ஒத்துக்கொண்டால் யோசனைப் பெட்டிக் காகிதத்தையும் சேர்த்து ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும். தாய்மி காப்பி கொண்டு வரவில்லை. அது அந்த வீட்டில் பெரிய சண்டை.

வியாழக்கிழமை பட்டாணி சூப் நாள். ஆளுக்கொரு கிண்ணம் குடித்து முடித்ததும் தாய்மி எழுந்து, தடியை எடுத்துக்கொண்டு, "வா" என்றாள்.

"எங்க?"

"ஷெட்டுக்கு. நான் ஓட்டுற மாதிரி ஓட்டிக் காட்டுறேன். நீ அந்தப் பக்கம் நின்னு ராடப் பாரு. பதினாறு வருஷமா நான் ஓட்டுறேன், ஒருநாளாவது நீ பாத்திருக்கியா?"

வில்யோ யோசித்தான். பார்த்ததில்லை. தொழிற்சாலையிலும் பார்த்ததில்லை. அவன் கைக்கு வரும்போது உடம்பு காலியாக வரும். இன்ஜினும் கியரும் ராடும் அதற்குள் ஏறுவது வேறு கூடத்தில், வேறு ஆட்கள் கையில். அந்தக் கூடத்தில் அவனுக்கு வேலை இருந்ததில்லை. பத்து வருஷம் ஓட்டை வைத்தவன், அதற்குள் ராடு ஓடுவதை ஒருதரம் கூட நின்று பார்த்ததில்லை.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் தாங்கல் கொடுத்தான். ஷெட்டுக் கதவை அகலத் திறந்து வைத்தான். ராடை வழித்துத் துடைத்து, வளையத்துக்குள் இருக்கிற இடத்தில் மெழுகுவத்திக் கரியைத் தடவச் சொன்னது தாய்மிதான். "எங்க ஒரசுதுன்னு கரி சொல்லும்" என்றாள். அவள் ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினாள். சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றின. அவன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"இப்ப ரெண்டு!" என்று உள்ளிருந்து கத்தினாள்.

ஆக்ஸிலேட்டரை விட்ட கையோடு அவள் கியரை இழுத்தாள். கிளட்சு என்ற பேச்சே இல்லை; கிளட்சை மிதித்து ஓட்டினால் இன்ஜின் அடங்கின பிறகுதான் கியர் நகரும். காலை எடுத்ததும் இன்ஜின், உட்கார்ந்திருக்கிற ரப்பர் மேல் ஒரு குலுக்குக் குலுங்கித் திரும்பியது. அந்தக் குலுக்கலிலேயே கியர்ப்பெட்டியும் சாய்ந்தது, அதோடு சேர்ந்து ராடும் மேலே இடப்பக்கமாக எம்பியது. எம்பின இடத்தில் வில்யோவின் அழகான வட்டம் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

"மூணு!"

இந்தத் தடவை கீழே வலப்பக்கமாக அமுங்கியது. கீச்சென்று சத்தம்.

"வர மாட்டேங்குது பாரு! தெரியுதா?"

"தெரியுது."

"என்ன?"

"தெரியுதுங்கிறேன்! நிறுத்து!"

இன்ஜின் நின்றது. அவன் டார்ச்சை வளையத்துக்குக் கிட்டே கொண்டுபோனான். மேலே இடது ஓரத்தில் ஒரு கறுப்புத் தீற்றல், கீழே வலது ஓரத்தில் ஒன்று. இரண்டையும் மனசுக்குள் கோடு போட்டுச் சேர்த்தால் சாய்வாக ஒரு முட்டை வந்தது. அந்த முட்டையை அவனுக்குத் தெரியும். பத்து வருஷம், நாளெல்லாம் கண்முன்னால் தொங்கிக்கொண்டு வந்த முட்டை. அச்சு தேயவே இல்லை. யாரோ ஒருவர், இதே மாதிரி குனிந்து நின்று, ராடு எங்கெங்கே போகிறது என்று பார்த்துத்தான் அதை வரைந்திருக்கிறார்.

வில்யோவுக்கு வெட்கமாக இருந்தது. யோசனைப் பெட்டியை நினைத்து வந்த வெட்கம் கொஞ்சம்தான். மேட்டில் ஒரு மணி நேரம் காலை இழுத்துக்கொண்டு அவள் நடந்ததும், அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து இவன் கியர் மாற்றி வித்தை காட்டினதும்தான் அவன் முகத்தைச் சுட்டது.

தாய்மி இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

"நான் தப்பு பண்ணிட்டேன்" என்றான் வில்யோ. அந்த வாக்கியம் அவன் வாயிலிருந்து சுலபமாக வருகிறது இல்லை. கல்யாணமான முப்பத்து மூன்று வருஷத்தில் இது மூன்றாவதோ நாலாவதோ.

"வெல்டிங் நல்லாத்தான் இருக்கு" என்றாள் தாய்மி.

"வெல்டிங் கெடக்குது போ. கரி வெக்கணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?"

"ஸவுனா கதவு ஒட்டுதுன்னா நீ அப்படித்தான பாப்ப? நானும் இந்த வீட்லதான இருக்கேன்."

கிரைண்டரை வைத்தால் பெயின்ட் கருகிவிடும் என்று வில்யோ அரைவட்ட அரத்தை எடுத்தான். வெள்ளிக்கிழமை பூராவும் ராவினான். ஒரு பத்து இழுப்பு இழுப்பான், கரி தடவுவான், "போடு" என்பான். அவள் உள்ளே உட்கார்ந்து கியரைப் போடுவாள். "இன்னும் புடிக்குது", "மேல கொஞ்சம்", "அங்கதான், அங்கதான்", "போதும் போதும், கீழ பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இரும்புத் தூள் அவன் சட்டைக் கையில் படிந்தது. ராவ ராவ, அச்சுவட்டம் கோணிக்கொண்டே போய் முட்டையாகிவிட்டது. விளிம்பைச் சொரசொரப்பில்லாமல் வழித்துப் பெயின்ட் தொட்டான். காற்றும் புகையும் வராமல் இருக்க, துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான ரப்பர் உறை ஒன்றை ராடின்மேல் மாட்டி, வளையத்தின் ஓரத்தில் ஸ்க்ரூ போட்டு இறுக்கினான். ராடு எந்தப் பக்கம் ஆடினாலும் உறை கூடவே ஆடியது. ஃபெல்ட்டைத் தேடவே இல்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்குத் தாய்மி குப்பிப் பெட்டியைப் பின்சீட்டில் வைத்தாள். வேன் ஹெல்வி வீட்டில் நின்றுகொண்டிருந்ததால் வில்யோவும் ஏறிக்கொண்டான். பனிமழை விட்டிருந்தது. உழுது போட்ட வயல்களில் தண்ணீர் தேங்கி, அதில் வானத்து வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. வண்டிக்குள் பெயின்ட் வாசம் மட்டும் அடித்தது.

அவன் தன் பொண்டாட்டி ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு வந்தான். காலை எடுக்கிறது தெரியவில்லை, கை போகிறது தெரியவில்லை, கியர் மட்டும் மாறியிருந்தது. ஹெல்வி வீட்டு மேடு வந்தது. அவன் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டான். நாலிலிருந்து மூன்று விழுந்தது. மூன்றிலிருந்து இரண்டு. கார் முனகிக்கொண்டே மேட்டின் தலைக்கு ஏறி நின்றது. அங்கிருந்து பார்த்தால் கொட்டகையில் விளக்கு எரிவதும், மாடுகள் வரிசையாகக் கறவைக்குப் போவதும் தெரிந்தன.

தாய்மி வண்டியை உடனே கீழே இறக்கவில்லை. கையைக் கியரின் மேலேயே வைத்திருந்தாள்.

"தாய்மி" என்றான் வில்யோ.

"ம்?"

"வித்திருப்பேன்."

"என்னத்த?"

"தலைவலின்னு சொல்லியிருந்தா, வண்டிய வித்திருப்பேன். அன்னிக்கு இல்லன்னு சொன்னேன். வித்துத்தான் இருப்பேன். பயம். உனக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் என்ன பண்றதுங்கிற பயம்."

"தெரியும்."

"இனிமே விக்க மாட்டேன்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற முகமா என்று மாட்டை வாங்கப் போகிறவள் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப ஒண்ணு சொல்லவா?"

"சொல்லு."

"வலது காலும் போகுது, வில்யோ. கோடை நடுவுலேர்ந்து. டாக்டரம்மாகிட்ட காட்டிட்டேன். சின்ன வயசுல போலியோ வந்தவங்களுக்கு இப்படி ஆகுமாம், நல்லா இருந்த காலும் சோர்ந்துருமாம். இன்னிக்கு நாளைக்கு இல்ல. ஆனா சாயங்காலத்துல ஆக்ஸிலேட்டர மிதிச்சா மிதிச்சது தெரிய மாட்டேங்குது. பிரேக்குக்கு எடுக்குறது பரவால்ல, மேல நின்னு அமுத்திடலாம். இதுதான், இந்த மெதுவா அமுத்திக்கிட்டே இருக்கிறதுதான் முடியல."

வண்டியை நிறுத்திவிடு, சாவியைக் கொடு, இத்தனை நாள் போதும் என்ற எல்லாப் பேச்சும் வில்யோவின் வாய்வரைக்கும் வந்து நின்றன. அவன் குனிந்து, அவள் காலடியில் இருந்த ஆக்ஸிலேட்டரைப் பார்த்தான். அங்கிருந்து சாம்பல் பெயின்ட் இன்னும் பளபளத்துக்கொண்டிருந்த இரும்புச் சுவரைப் பார்த்தான். கையை நீட்டி, ஸ்டீயரிங்குக்குக் கீழே சுவரை ஒரு இடத்தில் விரலால் தட்டினான். இன்னொரு இடத்தில் தட்டினான்.

"கையால இழுக்குற மாதிரி ஒண்ணு வெக்கலாம்" என்றான். "ஸ்டீயரிங் பக்கத்துல ஒரு சின்னக் கைப்பிடி. அதுலேர்ந்து ஒரு கேபிள். கார்புரேட்டருக்கு நேரா."

"வெக்க முடியுமா?"

"முடியும். செவுத்துல இன்னொரு ஓட்டை போடணும்."

தாய்மி கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரை ஒன்றுக்குத் தள்ளினாள். கீழே ஹெல்வி கொட்டகை வாசலுக்கு வந்து இரண்டு கையையும் ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"போடு" என்றாள். "ஆனா நான் வண்டில உக்காந்திருக்கும்போது போடு."